ஜனவரி 20, பகல் 12 மணி

‘அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், வழக்கும் முடியாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் பழைய அதிபரே நாற்காலியில் தொடர்வாரா? ராணுவம் யார் பேச்சைக் கேட்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தோற்றவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பது ஒன்று. யார் தோற்றார் என்பதே முடிவாகாவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் நாலு வரி. இரண்டாவதுதான் நம்மை நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போகும். நான் சட்டக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் பல நாட்டு அரசியலமைப்புகளை ஒப்பிட்டுப் பாடம் நடத்தியவன். அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடியவன் அல்ல. அதனால் எழுதிவைத்த விதியையும் நடந்து முடிந்ததையும் தைரியமாகச் சொல்வேன். இனிமேல் நடந்தால் என்று பேச வேண்டிய இடங்களில், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாலு வரிப் பதில். தோல்வியை ஒப்புக்கொள்வது அங்கே மரியாதை, அவ்வளவுதான். சட்டத்தில் அதற்கு எடை இல்லை. 2000-ஆம் ஆண்டு தேர்தல் இரவில் அல் கோர், ஜார்ஜ் புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்; கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சட்டப்படி இரண்டு அழைப்பாலும் ஒன்றும் ஆகவில்லை. பழைய அதிபர் தொடரவும் முடியாது. 1933-ல் நிறைவேறிய 20-வது திருத்தம் அவருடைய பதவிக்காலம் ஜனவரி 20 பகல் 12 மணிக்கு முடிகிறது என்கிறது. புதியவர் வந்தால் முடியும் என்றோ, தகராறு தீர்ந்தால் முடியும் என்றோ அதில் இல்லை. 12 மணிக்கு முடியும், அவ்வளவே. நம் ஊர் வீட்டு ஒப்பந்தம் மாதிரி ‘மேற்கொண்டு நீட்டித்துக்கொள்ளலாம்’ என்ற வரி கிடையாது.

சரி, இப்போது பெரிய கேள்வி. வகுப்பில் இதை ஆரம்பித்தால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர், ‘சார், அங்கே தலைமைத் தேர்தல் ஆணையர் யார்?’ என்று கேட்பார். அப்படி ஒருவர் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். மத்தியில் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது. அது பார்ப்பது பிரசாரப் பணத்தின் கணக்கை. வாக்கை எண்ணுவதும் முடிவை அறிவிப்பதும் 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியே செய்கிற வேலை. அதற்கும் கீழே கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். தேர்தல் இரவில் ‘இவர் ஜெயித்துவிட்டார்’ என்று சொல்வது தொலைக்காட்சிகளும், 1848-லிருந்து இந்தக் கணக்கைப் போட்டு வரும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும். அது கணிப்பு. நம் நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தலில் தகராறு வந்தால் 71-வது பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றம். 1969-ல் வென்ற வி.வி. கிரி, பதவியில் இருந்தபோதே அங்கே போய்ச் சாட்சி சொன்னார். அமெரிக்காவில் அப்படி எல்லாத் தகராறும் போய்ச் சேர வேண்டிய ஒற்றை வாசல் கிடையாது. நடுவர் இல்லாத அந்த ஆட்டத்தில் நடுவர் வேலையைப் பார்ப்பது காலண்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு. கெடு வந்ததும் அதுவரை கையில் இருப்பதை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். உண்மை முழுக்கத் தெரிந்தாகிவிட்டதா என்று கெடு கேட்பதில்லை.

காலண்டர் இப்படிப் போகும். நவம்பரில் மக்கள் போடும் வாக்கு அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கப்போகும் எலெக்டர்களைத் தேர்ந்தெடுக்கிறது. நாடு முழுக்க 538 பேர், 270 வந்தால் வெற்றி. டிசம்பர் நடுவில் இவர்கள் அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களிக்க வேண்டும். அதற்கு ஆறு நாள் முன்பாக மாநில ஆளுநர் (அங்கே அவர் நம் முதல்வர் மாதிரி) ‘எங்கள் எலெக்டர்கள் இவர்கள்தான்’ என்று சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஜனவரி 3-ல் புதிய காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கூடும். ஜனவரி 6-ல் அதன் இரு சபைகளும் (மேல்சபையான செனட், கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை) சேர்ந்து உட்கார்ந்து, துணை அதிபர் தலைமையில் எலெக்டர்களின் வாக்கு உறைகளைப் பிரித்து எண்ணும். பிறகு ஜனவரி 20. வழக்கு, மறு எண்ணிக்கை, ஆட்சேபம் எல்லாம் இந்தத் தேதிகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில்தான் நடந்தாக வேண்டும்.

சந்து எவ்வளவு குறுகல் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவை விட நல்ல உதாரணம் இல்லை. ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகள் பதிவான மாநிலம், 25 எலெக்டர்கள், அதை யார் பிடித்தாலும் அதிபர். முதல் எண்ணிக்கையில் புஷ் 1,784 வாக்கு முன்னிலை. வித்தியாசம் அவ்வளவு சிறியதாக இருந்ததால் இயந்திரத்தில் மறுபடி ஓட்டினார்கள். முன்னிலை சில நூறுக்கு இறங்கியது. அப்புறம் தொடங்கியது அட்டைச் சண்டை. பல கவுண்டிகளில் வாக்குச்சீட்டு என்பது ஊசியால் குத்தித் துளை போடும் அட்டை. துளைத்த துணுக்கு முழுசாக விழாமல் ஒரு மூலையில் தொங்கினால் அது வாக்கா? விழாமல் குழிந்து மட்டும் இருந்தால்? கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஓர் அதிகாரி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் புகைப்படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு கவுண்டியில் தொங்கலும் வாக்கு. பக்கத்துக் கவுண்டியில் வேறு அளவுகோல்.

நவம்பர் 26-ல் மாநிலச் செயலர் 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் வென்றதாகச் சான்றளித்தார். டிசம்பர் 8-ல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில், இயந்திரம் படிக்காமல் விட்ட வாக்குகளை மாநிலம் முழுக்கக் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை நிறுத்தி வைத்தது. டிசம்பர் 12 இரவு பத்து மணி வாக்கில் தீர்ப்பு வந்தது. கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறுவது சம உரிமைக்கு விரோதம் என்பதில் ஏழு நீதிபதிகளுக்கு ஏதோ ஒரு அளவில் உடன்பாடு இருந்தது. ‘அப்படியானால் ஒரே அளவுகோல் வைத்து மறுபடி எண்ணுங்கள்’ என்று சொல்லலாமே? சொல்லவில்லை. ஐந்து பேர், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். எலெக்டர் பட்டியலை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி உறுதி செய்துகொள்ளக் கடைசி நாள் அதே டிசம்பர் 12. தீர்ப்பு வெளியானபோது அந்த நாளில் மிச்சம் இருந்தது இரண்டு மணி நேரம். மறுநாள் கோர் விலகிக்கொண்டார். நாடு முழுக்க அவருக்கு விழுந்த வாக்கு புஷ்ஷை விட ஐந்து லட்சத்துக்கும் அதிகம். எலெக்டர் கணக்கில் 271-க்கு 266.

உண்மையில் ஃப்ளோரிடாவில் வென்றது யார்? இங்கேதான் நான் தயங்குவேன். 2001-ல் பத்திரிகைகள் சேர்ந்து பணம் போட்டு, செல்லாதவை என்று ஒதுக்கிய அட்டைகளை ஆராய்ச்சியாளர்களைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தன. கோர் கேட்ட கவுண்டிகளில் மட்டும் எண்ணியிருந்தாலும், மாநில நீதிமன்றம் சொன்னபடி எண்ணியிருந்தாலும் புஷ் வென்றிருப்பார். மாநிலம் முழுக்க ஒதுக்கிய எல்லா அட்டைகளையும் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் வென்றிருப்பார். ஆனால் அப்படி எண்ணச் சொல்லி கோரே நீதிமன்றத்தில் கேட்கவில்லை. அளவுகோலை மாற்றினால் வெற்றியாளர் மாறுகிறார். அட்டையைக் கண்ணுக்கு எவ்வளவு கிட்டத்தில் பிடித்தாலும் இது தீராது.

நீதிமன்றமே இல்லாமல் அரசியல்வாதிகள் உட்கார்ந்து தீர்த்த கதை அதற்கு முன்னால் இருக்கிறது, 1876. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய முதல் தேர்தல் அதுதான். ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கு 184 எலெக்டர்கள், தேவையோ 185. குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்டு ஹேஸுக்கு 165. மீதி 20 தகராறில். ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலைனா மூன்றிலும் மிரட்டலும் மோசடியும் நடந்ததாக இரு தரப்பும் குற்றம் சாட்டி, ஆளுக்கொரு எலெக்டர் பட்டியலை வாஷிங்டனுக்கு அனுப்பின. ஓரிகனில் ஒரே ஓர் இடம் சிக்கல்: ஹேஸ் தரப்பு எலெக்டர் ஒருவர் போஸ்ட் மாஸ்டர். மத்திய அரசு வேலையில் இருப்பவர் எலெக்டர் ஆகக் கூடாது என்று சொல்லி, எதிர்க்கட்சி ஆளுநர் அவரை நீக்கித் தன் கட்சிக்காரரை வைத்தார். ஒரு போஸ்ட் மாஸ்டரால் ஒரு நாடு தொங்கிய கதை என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

அரசியலமைப்பைப் புரட்டினால் ‘உறைகளைப் பிரிக்க வேண்டும், வாக்குகள் எண்ணப்பட வேண்டும்’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டு உறை வந்தால் எதை எண்ணுவது, யார் முடிவு செய்வது என்று ஒரு வரி இல்லை. செனட் ஒரு கட்சி கையில், பிரதிநிதிகள் சபை மற்றக் கட்சி கையில். கடைசியில் 1877 ஜனவரி இறுதியில் 15 பேர் கொண்ட ஆணையம் ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள்: ஒவ்வொரு சபையிலிருந்தும் ஐந்து பேர், ஐந்து நீதிபதிகள். இந்தக் கட்சிக்கு ஏழு, அந்தக் கட்சிக்கு ஏழு, நடுவில் கட்சிச் சார்பில்லாதவர் என்று பெயர் எடுத்த நீதிபதி டேவிட் டேவிஸ் என்பது திட்டம். அந்த நேரம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம் டேவிஸை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது; அவர் ஒதுங்கிக்கொண்டார். அவர் இடத்துக்கு வந்த நீதிபதி ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சிக்காரர். தகராறான 20 இடமும் 8-க்கு 7 என்ற கணக்கில் ஹேஸுக்கே போயின. ஆக மொத்தம் 185-க்கு 184. நாடு முழுக்க டில்டன் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வாக்கு கூடுதலாக வாங்கியவர்.

எண்ணிக்கை முடிந்தது மார்ச் 2 விடிகாலை. அன்றைக்கெல்லாம் பதவிக்காலம் முடிவது மார்ச் 4-ல். அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் அதிபர் இல்லாமல் இருந்தால் யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்ற பயத்தில், பதவியில் இருந்த கிராண்ட், ஹேஸை சனிக்கிழமை இரவு வெள்ளை மாளிகை விருந்துக்கு அழைத்து அங்கேயே ரகசியமாகப் பிரமாணம் செய்ய வைத்தார். ஊரறியப் பதவியேற்றது திங்கட்கிழமை. ஹேஸுக்கு விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது என்ன? அடுத்த மாதமே தென் கரோலைனா, லூசியானாவின் குடியரசுக் கட்சி அரசுகளுக்குக் காவலாக நின்ற மத்தியப் படைகள் விலகின. இதற்கு முன்கூட்டியே கைகுலுக்கிப் பேரம் நடந்ததா, போகிற போக்கில் நடக்க இருந்ததே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. விளைவில் சந்தேகம் இல்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு இருந்த கடைசிப் பாதுகாப்பும் போயிற்று. தென் மாநிலங்களில் அவர்கள் வாக்குரிமை 1965 சட்டம் வரும்வரை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது.

அந்தச் சூட்டில் ‘இனி இப்படி நடக்கக் கூடாது’ என்று 1887-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரே வாக்கியத்துக்குள் நாலு வாக்கியத்தைத் திணித்த சட்டம். நான் பாடம் எடுத்தபோதெல்லாம் பலகையில் படம் போட்டால்தான் எனக்கே விளங்கும். இருந்தாலும் நூறு வருடத்துக்கு மேல் பெரிய இடைஞ்சல் இல்லாமல் ஓடியது. 1960-ல் ஹவாயில் முதலில் 141 வாக்கில் நிக்சன் வென்றதாகச் சான்று. மறு எண்ணிக்கை முடியும் முன்பே எலெக்டர்கள் கூட வேண்டிய நாள் வந்துவிட்டதால் இரு கட்சி எலெக்டர்களும் தனித்தனியே வாக்களித்து அனுப்பிவிட்டார்கள். மறு எண்ணிக்கையில் 115 வாக்கில் கென்னடி. ஜனவரி 6-ல் உறையைப் பிரிக்கும் நாற்காலியில் இருந்தது துணை அதிபரான அதே நிக்சன். இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதிராளியின் வாக்கை எண்ணச் சொன்னார். ஹவாயின் மூன்று இடத்தால் முடிவு மாறப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 2001-ல் கோர், 2025-ல் கமலா ஹாரிஸ் இருவரும் அதே நாற்காலியில் அமர்ந்து தங்கள் தோல்வியைத் தாங்களே அறிவித்தார்கள்.

2020-ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். பைடன் 306, டிரம்ப் 232. அறுபதுக்கும் மேல் வழக்குகள். முடிவை மாற்றும் தீர்ப்பு ஒன்றுகூட வரவில்லை. ஏழு மாநிலங்களில் டிரம்ப் தரப்பு ஆட்கள் தாங்களும் எலெக்டர்களே என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் காகிதங்களுக்குப் பின்னால் எந்த ஆளுநரும், எந்த நீதிமன்றமும் இல்லை. 1876-க்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்; இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஜனவரி 6-ல் கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து எண்ணிக்கை நின்றது. அன்றிரவே மறுபடி கூடி, மறுநாள் விடியும் முன் முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு 2022 டிசம்பரில் 1887 சட்டத்தைத் திருத்தினார்கள். உறையைப் பிரிக்கும் துணை அதிபருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, அது வெறும் சம்பிரதாய வேலை என்று எழுதிவிட்டார்கள். ஆளுநர் சான்றிதழைப் பற்றிய வழக்கை மூன்று நீதிபதிகள் அவசரமாக விசாரிக்க வேண்டும். மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றம். முன்பு சபைக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டாலே ஆட்சேபம் விவாதத்துக்கு வந்துவிடும். இப்போது ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு பேர் வேண்டும், அதாவது 87 பேரும் 20 பேரும். 2021-ல் பென்சில்வேனியா வாக்குகளை எதிர்த்தவர்கள் கீழ்ச்சபையில் 138, செனட்டில் 7. புதிய விதி அன்று இருந்திருந்தால் கீழ்ச்சபையில் கதவு திறந்திருக்கும், செனட்டில் திறந்திருக்காது. இன்னொரு மாற்றம் வெளியே அதிகம் பேசப்படவில்லை: ஐந்து நாளாகியும் யாரும் விட்டுக்கொடுக்காவிட்டால், ஆட்சி மாற்ற ஏற்பாட்டுக்கான அரசு உதவி இரு வேட்பாளருக்கும் கிடைக்கும். 2000-ல் 36 நாள் இழுபறியால் புதிய அரசின் நியமனங்கள் தள்ளிப்போனதை, செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் தன் அறிக்கையிலேயே குறித்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஜனவரி 6-ல் யாருக்கும் பெரும்பான்மை வராவிட்டால்? 1804-ல் வந்த 12-வது திருத்தம் பேசும். முதல் மூன்று பேரிலிருந்து பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். தலைக்கு ஒரு வாக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு: 52 உறுப்பினர் உள்ள கலிபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே ஒருவர் உள்ள வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாநிலம் வேண்டும். ஒரு மாநிலத்து உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தால் அந்த மாநிலத்தின் வாக்கு கணக்கில் வராது. திருத்தத்துக்கு முன்பே, 1801-ல், இதே மாநிலத்துக்கு ஒரு வாக்கு முறையில் 36 முறை வாக்கெடுத்துத்தான் ஜெஃபர்சன் வந்தார். 1825-ல் எலெக்டர் வாக்கு அதிகம் பெற்ற ஜாக்சனை விட்டுவிட்டு ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பது செனட். அங்கே தலைக்கு ஒரு வாக்கு, 51 போதும். கீழ்ச்சபை முட்டிக்கொண்டு நின்றால், ஜனவரி 20 பகல் 12 மணிக்கு இந்தத் துணை அதிபர் தற்காலிகமாக அதிபர் பொறுப்பை ஏற்பார். அவரும் இல்லையென்றால் 1947 வாரிசுச் சட்டப்படி சபாநாயகர், தன் பதவியையும் உறுப்பினர் இடத்தையும் ராஜினாமா செய்துவிட்டு. அடுத்து செனட்டின் தற்காலிகத் தலைவர். வழக்கமாகப் பெரும்பான்மைக் கட்சியின் ஆக மூத்த உறுப்பினர். அப்புறம் அமைச்சர்கள்.

இதுவரை சொன்னது எழுதப்பட்ட விதி. சந்தேகம் எங்கே என்றால், 2022 சட்டம் ஒரு சாதாரணச் சட்டம். ‘முந்தைய காங்கிரஸ் போட்ட சட்டம் எங்கள் கையைக் கட்டாது’ என்று ஜனவரி 6-ல் ஒரு சபை முரண்டு பிடித்தால் எந்த நீதிமன்றம் தலையிடும், தலையிட்டால் சபை கேட்குமா? யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சபாநாயகர் வாரிசு வரிசையில் இருப்பதே அரசியலமைப்புக்கு ஒத்துவருமா என்று சந்தேகப்படும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அதற்கும் தீர்ப்பு இல்லை. சபாநாயகரே இல்லாவிட்டால்? கேலிக்குச் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க 15 சுற்று ஆயிற்று, ஜனவரி 7 அதிகாலை வரை. அவர் வரும்வரை உறுப்பினர்கள் பதவிப்பிரமாணமே எடுக்க முடியவில்லை. அது அதிபர் தேர்தலுக்கு மறு வருடமாக இருந்திருந்தால், ஜனவரி 6-ல் எண்ண உட்காரும் சபையே இருந்திருக்காது. இதற்கு விடை தெரியும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக ராணுவம். அவர்கள் உறுதிமொழி எடுப்பது அரசியலமைப்புக்கு, ஆளுக்கு அல்ல. 2021 ஜனவரி 12-ல் படைகளின் தலைமைத் தளபதிகள் குழுவில் இருந்த எட்டுப் பேரும் கையெழுத்திட்டு, 20-ஆம் தேதி பைடன் பதவியேற்பார், அவரே அடுத்த தலைமைத் தளபதி என்று எல்லாப் படையினருக்கும் கடிதம் அனுப்பினார்கள். 12 மணி நெருங்கும்போது இருவர் ‘நான்தான் அதிபர்’ என்று நின்றால் அவர்கள் யாரைப் பார்த்து சல்யூட் அடிப்பார்கள் என்பது 1877-லும் சோதிக்கப்படவில்லை, 2021-லும் இல்லை. ஆனால் 2021-ல் ஒன்று நடந்தது. டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு நிற்காமல் காலையிலேயே ஃப்ளோரிடாவுக்கு விமானம் ஏறினார். அணு ஆயுதக் கட்டளைப் பெட்டியோடு ஓர் அதிகாரி அவர் கூடவே போனார்; இன்னொரு பெட்டி வாஷிங்டனில் விழா மேடைப் பக்கம் காத்திருந்தது. 12 மணி அடித்ததும் டிரம்பிடம் இருந்த ரகசியக் குறியீடு செயலிழந்தது. கூடப் போன அதிகாரி பெட்டியை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் திரும்பினார்.